மணலில் ஒரு கற்பூங்கா: ஆவாரை வளர்ப்புப் பற்றி ஒரு பாடம்

ஆவாரை என்றதும் எமது மாணவிகளில் பலருக்குக் கடையில் விற்கும் ‘ரணவரா’ பைக்கற்றுத்தான் ஞாபகத்துக்கு வருகிறது. காய்ந்த மஞ்சள் பூவையும் வெந்நீரையும் தெரிந்திருக்கிறது, செடியைத் தெரியவில்லை. சென்ற தவணையில் தரம் 10 பிள்ளைகளிடம் ஆவாரைக் கிளையொன்றைக் கொடுத்துப் பெயர் கேட்டேன். முப்பத்திரண்டு பேரில் ஐந்து பேரே சரியாகச் சொன்னார்கள். அந்த ஐவரும் வீட்டில் உம்மும்மாவுடன் வளரும் பிள்ளைகள் என்பது பிறகுதான் தெரிந்தது. நமது ஆலங்குடாவுக்கும் அதைச் சுற்றியுள்ள கற்பிட்டித் தீபகற்பத்துக்கும் இந்தச் செடியைப் போலப் பொருத்தமான பூஞ்செடி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அதை ஒரு சிறு கற்பூங்காவில் எப்படி வளர்ப்பது, ஏன் வளர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரை.

முதலில் நமது நிலத்தைப் பார்ப்போம். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வரும். சித்திரையில் கொஞ்சம் வரும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மட்டுமே. அந்தக் காற்று மணலையும் உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. ஓகஸ்ட் விடுமுறை முடிந்து வருகையில் பாடசாலை முகப்பில் நட்டவை கருகிக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குரோட்டன், புல், பெயர் தெரியாத நாற்றுமேடைச் செடிகள் என்று ஒவ்வொரு வருடமும் வாங்கி, ஒவ்வொரு வருடமும் பிடுங்கி எறிகிறோம்.

செடி கருகுவது சிறிய விடயம். அவற்றைக் காப்பாற்ற நாம் ஊற்றுகின்ற தண்ணீர்தான் பெரிய விடயம். நமது கிணற்றில் இருப்பது ஆறோ குளமோ தந்த தண்ணீர் அல்ல. மழைநீர் மணலூடாக இறங்கி, அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீரை விட நன்னீர் இலேசானது. அதனால் அது ஒரு வில்லையைப் போல மேலே நிற்கிறது. ஒல்லாந்தரான பாடோன் கைபன் 1888இலும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் அடர்த்திகளைப் போட்டு இதனைத் தாங்களே நிறுவிப் பார்க்கலாம்; நன்னீர் 1.000, கடல்நீர் 1.025. இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் நம்மைப் பயப்படுத்த வேண்டும். மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும்.

இப்போது ஒரு சின்னப் பெருக்கல். பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலமுள்ள புற்றரை ஒன்று வைத்திருக்கிறோம் என்க. வெயில்காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிப் போகிறது என்று வைத்துக்கொண்டால், சதுர மீற்றருக்கு 5 லீற்றர். நாளொன்றுக்கு 500 லீற்றர். ஜூன் முதல் செப்டெம்பர் வரை 122 நாள். மொத்தம் 61,000 லீற்றர். கூரையில் இருக்கும் ஆயிரம் லீற்றர்த் தாங்கியை அறுபத்தொரு தடவை நிரப்புவதற்குச் சமம். எனது தெருவில் இரண்டு வீட்டுக் கிணறுகள் சவராகிவிட்டன. அந்த வீட்டுப் பிள்ளைகள் காலையில் பாடசாலைக்கு வருமுன் பக்கத்து வீட்டில் வாளி எடுத்துத் தண்ணீர் அள்ளுகிறார்கள். அவர்களில் ஒருத்தி என் வகுப்பில்தான் இருக்கிறாள். அவள் பார்க்கும்படியாகப் புல்லுக்குக் குழாயைத் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பூவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பெண்பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பூ இருக்கத்தான் வேண்டும்.

ஆவாரையை நமது பகுதியில் சிலர் ஆவரசு என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் ரணவரா. தாவரவியலில் சென்னா ஓரிகுலாட்டா. லின்னேயஸ் 1753இல் காசியா என்ற பேரினத்தில் வைத்த செடி இது. பின்னர் சென்னா என்று மாற்றப்பட்டது. ‘ஓரிகுலாட்டா’ என்றால் காதுள்ளது. இலைக்காம்பின் அடியில் இரு பக்கமும் காது மடல் போல அகன்ற இலையடிச் செதில்கள் இருக்கும். ஆவாரையை அடையாளம் காண இதுவே நிச்சயமான வழி. இதே குடும்பத்தில் தகரை, பேயாவரை என்று வேறு மஞ்சள் பூச்செடிகளும் வேலியோரத்தில் நிற்கின்றன. பேயாவரை விதை நஞ்சுள்ளது. மஞ்சள் பூ என்பதற்காகக் கண்டதைப் பறித்துக் காய்ச்சிக் குடிக்கக் கூடாது. காதைப் பார்த்தபிறகு பேரைச் சொல்லுங்கள்.

‘சென்னா’ என்ற சொல்லே அரபு மொழியின் ‘ஸனா’விலிருந்து வந்தது. நபிவழி மருத்துவ நூல்களில் வருகின்ற ஸனா இதுதானா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இல்லை. அது மலமிளக்கியாகப் பயன்படும் வேறோர் இனம். தமிழில் நிலாவாரை என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் பயிரிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்புவது அதைத்தான். இரண்டும் உறவுக்காரர்கள், ஒன்றல்ல.

தமிழ் இலக்கியத்தில் இந்தச் செடிக்குப் பழைய இடம் உண்டு. அங்கே அதன் பெயர் ஆவிரை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்களின் நீண்ட பட்டியலில் அது வருகிறது. அதைவிடச் சுவையான இடம் மடலேறுதல். விரும்பிய பெண்ணை அடைய முடியாத தலைவன், பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ, பூளைப்பூ, ஆவிரம்பூ முதலியவற்றைச் சூடித் தெருவில் வருவேன் என்று மிரட்டுவான். மல்லிகையும் முல்லையும் இருக்க, ஏன் ஆவிரை? எனக்குத் தோன்றுவது இதுதான்: மானத்தை விட்டுவிட்டேன் என்று ஊருக்குக் காட்ட வருபவன், யாரும் காசு கொடுத்து வாங்காத, வெயிலில் தெருவோரத்தில் கேட்பாரற்றுப் பூக்கும் பூக்களைத்தான் சூட வேண்டும். பெண்கள் மடலேறுவதில்லை என்று தொல்காப்பியம் விதித்துவிட்டது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பூவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவாரைக் காண முடியாது என்ற கருத்தில் ஒரு பழமொழியும் வழங்குகிறது. மருந்துச் சிறப்பைச் சொல்லும் மிகைதான் அது. சலரோகத்துக்கு ஆவாரம்பூத் தேநீர் குடிப்பவர்கள் நமது வீடுகளிலும் இருக்கிறார்கள். குடிக்கட்டும், ஆனால் வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிட்டு அல்ல. குளிசையோடு சேர்த்துக் குடிப்பதானாலும் வைத்தியரிடம் சொல்லிவிட்டே குடிக்க வேண்டும்.

பூவைவிடப் பட்டைக்கே ஒருகாலத்தில் விலை அதிகம். ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிடும் தனின் நிறைய உண்டு. தென்னிந்தியத் தோல் தொழில் நீண்ட காலம் இந்தப் பட்டையை நம்பியே நடந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம் வணிகர்கள் பெயர் பெற்ற தொழில் அது. பின்னர் தென்னாபிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. ஆவாரை மீண்டும் தெருவோரத்துக்குப் போனது. இன்று தெலுங்கானா மாநிலத்தின் மாநிலப் பூவும் அதுவே. அங்கே பதுக்கம்மா விழாவில் அடுக்கும் பூக்களில் இதற்கு முதன்மையான இடம்.

இனிக் கற்பூங்கா. இந்தச் சொல்லைக் கேட்டதும் சிலருக்குச் சண்டிகாரில் நேக் சந்த் என்பவர் உடைந்த ஓடு, வளையல், பீங்கான் துண்டுகளைக் கொண்டு அமைத்த பூங்கா நினைவுக்கு வரலாம். 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அது சிற்பப் பூங்கா. தோட்டக்கலை நூல்கள் சொல்லும் கற்பூங்கா வேறு. மலையுச்சிகளில் வளரும் செடிகளைச் சமவெளியில் வளர்ப்பதற்காக ஐரோப்பியர் கண்ட முறை அது. லண்டன் கியூ தோட்டத்துக் கற்பூங்கா 1882இல் அமைக்கப்பட்டது. குளிரும் ஈரமும் மிகுந்த நாட்டில் வேர் அழுகிப் போகாமலிருக்க, மண்ணை மேடாக்கிக் கல்லைப் பரப்பித் தண்ணீரை வேகமாக வடியவிடுவார்கள்.

அந்த நூலைப் பார்த்து ஆலங்குடாவில் அப்படியே செய்தால் செடி பிழைக்காது. நமக்குத் தண்ணீர் வடிவது பிரச்சினையே அல்ல. வடிவதை நிறுத்துவதுதான் பிரச்சினை. ஒரு வாளி தண்ணீரை நமது மணலில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஈரம்கூடத் தெரியாது. ஆகவே முறையைத் தலைகீழாக்க வேண்டும். மேடு அல்ல, பள்ளம். நடுவில் ஒரு சாண் தாழ்ந்து, ஓரம் உயர்ந்த தாம்பாளத்தைப் போன்ற பாத்தி. கல்லும் இங்கே வடிகாலுக்கு அல்ல. மூன்று வேறு வேலைகளுக்கு. வெயில் நேரே மண்ணில் படாமல் மூடி ஆவியாவதைக் குறைக்கும். கச்சான் காற்று இளஞ்செடியின் அடிமணலை வாரிக்கொண்டு போகாமல் தடுக்கும். சரித்து வைத்தால், பெய்கின்ற சிறு மழையையும் வேரின் பக்கமாக வழித்துவிடும்.

என்ன கல்? நமது ஊரில் முதலில் கை போவது முருகைக் கல்லுக்கு. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டையையே முருகைக் கல்லால்தான் கட்டினார்கள். பழைய மதில் இடிந்து கிடக்கும் துண்டுகளை எடுப்பதில் குற்றமில்லை. கடலிலிருந்தோ கரையிலிருந்தோ எடுக்கவே கூடாது. அது சட்டப்படி தடை என்பது ஒரு காரணம். நமக்கு முன்னே கிடக்கும் பார் முருகைத்தொடர் 1992 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்பது இன்னொன்று. அந்தப் பாரில் மீன் குஞ்சு பொரித்தால்தான் நமது பிள்ளைகளின் வாப்பாமார் வலையில் ஏதாவது படும். உடைந்த செங்கல், சீமெந்துக் கல், கட்டட வேலையில் மிஞ்சிய கருங்கல் போதும். அழகு குறைவாக இருக்கும் என்று கவலைப்பட வேண்டாம்; இரண்டு வருடத்தில் செடி மூடிவிடும்.

பாத்தியின் அளவு மூன்று மீற்றருக்கு நான்கு மீற்றர் இருந்தால் பன்னிரண்டு செடி வைக்கலாம். செடிக்குச் செடி ஒரு மீற்றர். ஓர் அடி ஆழத்துக்கு மணலை எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு செம்மண்ணும், காய்ந்த சாணமும், தும்புச்சோறும் கலந்து திரும்ப நிரப்புங்கள். தும்புச்சோற்றை முதலில் இரண்டு மூன்று தடவை நன்னீரில் அலசுவது அவசியம். களப்பு நீரில் ஊறிய மட்டையானால் உப்பு இருக்கும். இரசாயன உரம் போட வேண்டாம். ஆவாரை அதைக் கேட்பதில்லை. மணலில் போட்ட நைத்திரேற்று செடியில் நிற்பதைவிடக் கிணற்றுக்குப் போவதே அதிகம். கற்பிட்டியில் மரக்கறியும் வெங்காயமும் பயிரிடும் பகுதிகளின் கிணறுகளில் இந்தப் பிரச்சினை ஏற்கெனவே இருக்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் சின்னக் குழந்தைகளுக்கே முதல் ஆபத்து.

பெரிய கற்களைத் தென்மேற்குப் பக்கமாக வையுங்கள். கச்சான் அங்கிருந்துதான் வரும். ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மேலே சும்மா வைத்த கல் ஆடும். அதன் அடியில் காற்றுப் புகுந்து மண் காயும். செடி நட்டபிறகு இடைவெளியில் இரண்டு அங்குலத்துக்குச் சல்லியோ செங்கல் நொறுக்கோ பரப்ப வேண்டும். செங்கல் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பதால் நான் அதையே விரும்புகிறேன்.

விதைக்கு வருவோம். நன்றாகப் பழுத்த காய் தட்டையாக, கடதாசி போல மெல்லியதாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். உள்ளே பத்துக்கு மேற்பட்ட விதைகள். விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே போட்டால் நூற்றில் சிலவே முளைக்கும். வரண்ட நிலத்துச் செடியின் புத்தி அது. ஒரு சிறு தூறலை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால் அடுத்த வெயிலில் வம்சமே அழிந்துவிடும் அல்லவா? நாம் அந்தத் தோலைச் சற்று ஏமாற்ற வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையின் மேல் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை எடுத்து விதையுங்கள். உப்பாதவற்றை அரத்தாளில் ஒரு பக்கம் மட்டும் மெல்லத் தேய்த்துத் திரும்ப ஊறவிடலாம். தரம் 6 பிள்ளைகள் இந்த வேலையை வெகு பொறுமையாகச் செய்கிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

பொலித்தீன் பைக்கு இரண்டு விதை. ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும், நலிந்ததைக் கிள்ளிவிடுங்கள். ஆவாரை ஆழமாக ஆணிவேர் விடும் செடி. பையில் நெடுநாள் வைத்தால் வேர் அடியில் சுருண்டுவிடும். சுருண்ட வேர் பிறகு தண்ணீரைத் தேடிக் கீழே இறங்காது. எனவே ஓகஸ்ட் கடைசியில் விதைத்து, ஒக்டோபர் மழை இரண்டு தடவை நனைத்தபின், செடி ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போதே நட்டுவிட வேண்டும். மழைக்காலம் முழுவதையும் வேர் பயன்படுத்திக்கொள்ளும். முதல் வருட வெயிலில் மட்டும் வாரம் ஒருமுறை செடிக்குப் பத்து லீற்றர். தினம் கொஞ்சம் ஊற்றும் பழக்கம் கூடாது. வேர் மேலேயே நின்றுவிடும். பன்னிரண்டு செடிக்குப் பதினேழு வாரத்துக்கு 2,040 லீற்றர். புற்றரையின் 61,000 லீற்றரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டாம் வருடம் அதுவும் தேவைப்படாது.

ஆவாரை இலையைக் கால்நடை விரும்பித் தின்பதில்லை என்பார்கள். நமது ஊர் ஆடுகள் இந்தக் கருத்தைக் கேள்விப்பட்டதில்லை. கடதாசியும் கிடுகும் தின்னும் ஆட்டை நம்பி இளஞ்செடியை விட முடியாது, கழுதையும் மிதித்துவிடும். முதல் வருடம் சுற்றி வேலி வேண்டும்.

பூக்கத் தொடங்கியபின் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பைகளும் மற்றப் பூக்களைப் போல நெடுக வெடிப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும், உப்புத் தூவும் குப்பியைப் போல. கருவண்டு வந்து அந்தப் பையைப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். உர்ர் என்ற ஒலி உங்களுக்கே கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தம் துளையால் சிந்தும். நமது தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பூவிலுள்ள பத்துக் கேசரங்களும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் கவனியுங்கள்; மேலேயுள்ள மூன்று மலடு, கீழே நீண்டு வளைந்தவையே பெரிய, வளமான கேசரங்கள். உயர்தர உயிரியல் மாணவிகள் வரைந்து பெயரிடுவதற்கு இதைவிட நல்ல பூ கிடைக்காது.

இலையில் பச்சைப் புழுக்களைக் கண்டால் மருந்து தெளிக்க ஓட வேண்டாம். வெண்மையும் இளம்பச்சையும் கலந்த ஒரு வண்ணத்துப்பூச்சி ஆவாரையில் முட்டையிடும். பாவா ஆதம் மலையை நோக்கிப் போகின்றன என்று பெரியவர்கள் சொல்லும் அந்தக் கூட்டங்களில் இதன் உறவினங்களே அதிகம். புழு கொஞ்சம் இலையைத் தின்னட்டும். செடி திரும்பத் துளிர்க்கும்.

துணைக்கு என்ன நடலாம் என்று கேட்டால், கடற்பக்க ஓரத்தில் அடம்பன் கொடி, கல்லிடுக்கில் நீலப் பூவுக்கு விஷ்ணுகிரந்தி. பட்டிப்பூவையும் எல்லோரும் நமது ஊர்ச் செடி என்றே நினைக்கிறோம். அதன் சொந்த ஊர் மடகஸ்கார். வெண்குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்து அதிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. கெடுதல் செய்யாத விருந்தாளி, இருக்கட்டும். ஆனால் வரட்சியைத் தாங்கும் என்ற ஒரே தகுதியைப் பார்த்து வெளிச்செடியைக் கொண்டுவருவதில் ஆபத்து உண்டு. அம்பாந்தோட்டைப் பக்கம் அப்படிக் கொண்டுவந்த சீமைக்கருவேல் இன்று புந்தல தேசியப் பூங்காவை மூடிக்கொண்டிருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் ஒன்றுமில்லாமல் இங்கு வந்து கிடுகுக் கொட்டிலில் குடியிருந்த தலைமுறைக்கு இந்தச் செடியோடு பழக்கம் அதிகம். மன்னாரிலும் அது வேலியோரச் செடிதான். இங்கே அதைக் கண்டபோது தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் இருந்தது என்று எனது உம்மும்மா சொல்வார். பூவையும் பயற்றையும் அரைத்து எங்களைக் குளிப்பாட்டியதும் அவர்தான். எந்த மாதத்தில் பறிக்க வேண்டும், நிழலில் எத்தனை நாள் உலர்த்த வேண்டும் என்ற விபரங்கள் அவர்களிடம் இருக்கின்றன; எந்தப் பாடநூலிலும் இல்லை. தரம் 9 மாணவிகளுக்கு இவ்வருட ஒப்படையாக இதையே கொடுத்திருக்கிறேன். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வர வேண்டும். திருத்தி எழுதக் கூடாது.

விஞ்ஞான கூடத்தின் பின்புறம் உள்ள பாத்தியில் இப்போது காய் முற்றிக்கொண்டிருக்கிறது. விதை வேண்டியவர்கள் இடைவேளையில் வரலாம். பழுப்பான காயை மட்டும் பறியுங்கள், பச்சையை விட்டுவிடுங்கள். ஒருவருக்குப் பத்துக் காய் போதும். பொலித்தீனில் சுற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். வெறுந் தீப்பெட்டியோ கடதாசி உறையோ கொண்டுவாருங்கள், அதன் மேல் பறித்த திகதியை எழுதிக்கொள்ளுங்கள்.